எழுபது ரெப்போவ ஒரே கமாண்ட்ல மேய்க்கிறது எப்படி? நீங்கல்லாம் என்ன யூஸ் பண்றீங்க?

#1 பனங்காட்டான்

வணக்கம் மக்கா. போன மாசம் தான் புது டீமுக்கு மாறுனேன், இங்க எல்லாமே மைக்ரோசர்வீஸ் (பெரிய அப்ளிகேஷன சின்ன சின்ன ப்ரோக்ராமா உடச்சு வெக்கிறது), எழுபது சொச்சம் கிட் ரெப்போ (மாத்துன வரலாறோட கோட் இருக்குற ஃபோல்டர்) இருக்கு, அதுல தினமும் கை வைக்கிறது ஒரு இருபது தான், மீதியெல்லாம் என்னிக்காவது ஒருத்தர் வந்து "அந்த லைப்ரரில ஒரு லைன் மாத்திடுப்பா"ன்னு சொல்றப்ப தான் திறப்பேன், திறந்தா என் மெஷின்ல இருக்குறது ஆறு மாசப் பழசா கிடக்கும். இப்போதைக்கு ஒவ்வொரு ஃபோல்டரா உள்ள போயி புல் (சர்வர்ல இருக்குற புதுச இறக்கி நம்ம கோட்ல சேக்குறது) அடிச்சு வெளிய வந்துட்டு இருக்கேன், காலைல டீ ஆறிப் போயிருது.

அதவிட பெரிய தலைவலி, எந்த ரெப்போல எந்த பிராஞ்ச்ல (கோடோட தனிக் கிளை) புஷ் பண்ணாம (சர்வருக்கு அனுப்பாம) என்ன விட்டு வெச்சிருக்கேன்னே தெரியல. அடுத்த மாசம் எல்லா ரெப்போலயும் ஜாவா வெர்ஷன் ஏத்தணும்னு வேற சொல்லிட்டாங்க. சீனியர் ஒருத்தர் சப்மாட்யூல் (ஒரு ரெப்போக்குள்ள இன்னொரு ரெப்போவ கோத்து வெக்கிறது) போட்ருன்னாரு, இன்னொருத்தர் அந்தப் பக்கமே போயிராதன்னாரு. கிட் ஃபெட்ச் மைனஸ் மைனஸ் ஆல்னு ஒண்ணு பாத்து மேல் ஃபோல்டர்ல நின்னு அடிச்சேன், இது ரெப்போவே இல்லன்னு திட்டுது. கைக்கு அடக்கமா ஒரு கமாண்ட்லைன் டூல் சொல்லுங்க. லினக்ஸ் தான், கிட் சர்வர் ஒரு பகுதி கிட்ஹப், மீதி கம்பெனியே வெச்சிருக்குற சொந்த சர்வர்.

#2 மச்சான்_ஷெல்

ஆல்னா எல்லா ரிமோட்னு (ரெப்போ எந்த சர்வர் அட்ரஸ்லேர்ந்து வருதோ அது) அர்த்தம் மச்சி, எல்லா ரெப்போ இல்ல. ஒரே ரெப்போக்கு ஆரிஜின், அப்ஸ்ட்ரீம்னு ரெண்டு மூணு ரிமோட் வெச்சிருப்ப பாரு, அதுக்கு தான் அது.

டூல்லாம் எதுக்கு, ஒரு ஃபார் லூப் போட்டா மேட்டர் ஓவர். கிட் மைனஸ் சி-ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு (கேப்பிட்டல் சி), அதுக்கு ஃபோல்டர் பேர் குடுத்தா உள்ள போகாமயே வெளில நின்னு வேலைய முடிச்சிரும். 1.8.5ல வந்தது, 2013. நாலு லைன் ஸ்கிரிப்ட், அவ்ளோ தான்.

#3 கோவைக்காரன்

லூப் நல்லது தானுங்க, ஆனா வரிசையா ஒண்ணொண்ணா ஓடுமுங்க. எழுபதையும் முடிக்கிறதுக்குள்ள டீ ஆறும்ங்கிற பிரச்சனை அப்படியே தான் இருக்கும். ஃபைண்ட் கமாண்ட் வெச்சு டாட்கிட் (கிட் தன் வரலாற வெச்சிருக்குற இடம்) இருக்குற இடத்தையெல்லாம் எடுத்து எக்ஸ்ஆர்க்ஸ் மைனஸ் பி-க்கு (லிஸ்ட எடுத்து ஒரே நேரத்துல பல கமாண்டா ஓட்டுறது) குடுத்தா பக்கத்து பக்கத்துல ஓடும்.

ஒண்ணு ரெண்டு மட்டும் பாத்துக்கங்க. ஃபைண்ட்ல டைப் டி-ன்னு குடுத்தீங்கன்னா டாட்கிட் ஃபோல்டரா இருக்குற இடம் மட்டும் தான் வரும், வொர்க்ட்ரீயிலயும் (ஒரே ரெப்போவோட இன்னொரு பிராஞ்ச தனி ஃபோல்டர்ல திறந்து வெக்கிறது) சப்மாட்யூல்லயும் டாட்கிட்ங்கிறது ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலுங்க, அதெல்லாம் கண்ணுல படாமயே போயிரும். அப்புறம் ஹெச்டிடிபிஎஸ் ரிமோட் ஏதாச்சும் இருந்து பாஸ்வேர்ட் கேட்டுதுன்னா, இருபது ப்ராசஸ் ஓடுற நடுவுல எது கேக்குதுன்னே தெரியாது, பாட்டுக்கு தொங்கிட்டு நிக்கும். கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அதுல 0 வெச்சு ஓட்டுங்க, கேக்காம ஃபெயில் ஆயிட்டு அடுத்ததுக்குப் போயிரும். எஸ்எஸ்எச் (சர்வருக்குப் பூட்டுன இணைப்பு) ரிமோட்னா பேட்ச்மோட் எஸ்.

புல் வேண்டாமுங்க, ஃபெட்ச் மட்டும் போடுங்க. ஃபெட்ச் சர்வர்ல இருக்குறத இறக்கி வெக்கும், உங்க ஃபைல தொடாது.

#4 பனங்காட்டான்

@கோவைக்காரன் நன்றிண்ணே, செஞ்சு பாத்தேன். மைனஸ் பி 40 குடுத்தேன், பாதி ரெப்போ சர்ருன்னு வந்துருச்சு, மீதி "கனெக்‌ஷன் க்ளோஸ்ட் பை ரிமோட் ஹோஸ்ட்"னு சொல்லி விழுது. திரும்ப ஓட்டுனா வேற ரெப்போ விழுது. ஒவ்வொரு தடவையும் வேற வேற. நெட்வொர்க் டீம்ட்ட கேட்டா எங்க பக்கம் ஒண்ணும் இல்லங்கிறாங்க.

#5 யாழினி_டெவ்

அது நெட்வேர்க் இல்லை தம்பி. உங்கட கிட் சேர்வர் ஓப்பன்எஸ்எஸ்எச்ல ஓடுதெண்டால் அங்க மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் எண்டு ஒரு செட்டிங் இருக்கும், ஒருத்தரும் கை வைக்காட்டி அதின்ர அளவு 10:30:100. அதாவது இன்னும் லொகின் முடியாத கனெக்‌ஷன் பத்து சேர்ந்திட்டுதெண்டால் அடுத்து வாறதில 30 வீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டத் தொடங்கும், எண்ணிக்கை கூடக் கூட வெட்டுற வீதமும் கூடும், நூறைத் தொட்டால் ஒண்டையும் விடாது. எதை வெட்டுறது எண்டது குலுக்கல் மாதிரி, அதாலதான் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு வேற ரெப்போ விழுகுது. நீங்கள் நாற்பதை ஒரே செக்கனில அனுப்பிறியள், அது வேற என்ன செய்யும்.

எஸ்எஸ்எச் கொன்பிக்ல கன்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ, கன்ட்ரோல்பெர்சிஸ்ட் பத்து நிமிசம், கன்ட்ரோல்பாத் மூண்டையும் போடுங்கோ. முதலாவது கனெக்‌ஷன் திறந்தாப் பிறகு மற்றதெல்லாம் அதுக்குள்ளாலயே போகும், ஒவ்வொண்டுக்கும் புதுசா லொகின் இல்லை, வேகமும் நல்லா வித்தியாசம் தெரியும். ஆனா எடுத்த எடுப்பிலயே எல்லாத்தையும் ஓட விட்டால் மாஸ்டர் திறக்க முதலே எல்லாம் தனித்தனியா ஓடிப்போய் அடிபடும், அதால முதல் ஒரு ரெப்போவை மட்டும் தனிய ஃபெட்ச் பண்ணிப்போட்டு மற்றதைத் தொடங்குங்கோ. ஒரு கனெக்‌ஷனுக்குள்ள எத்தினை செஷன் எண்டதுக்கும் ஒரு அளவு இருக்கு, மேக்ஸ்செஷன்ஸ், அதுவும் 10. ஆகவே மைனஸ் பி 8க்கு மேல போகாதேங்கோ.

#6 பனங்காட்டான்

அக்கா தெய்வமே. 8 போட்டு ஓட்டுனேன், ஒண்ணு கூட விழல. நாற்பது போட்டப்ப ஆன நேரத்தவிட சீக்கிரமா முடிஞ்சிருச்சு, இது எப்படின்னே புரியல.

#7 யாழினி_டெவ்

லொகினுக்குத்தான் நேரம் போனது. ஃபெட்ச் பண்ண ஒண்டும் புதுசா இல்லாட்டி ஒரு ரெப்போவுக்கு வேலையே அவ்வளவுதான்.

#8 ஏஓஎஸ்பி_அடிமை

இவ்ளோ நேரம் யாருமே கூகுளோட ரெப்போ டூலப் பத்தி பேசாதது ஆச்சரியம். ஆண்ட்ராய்டு சோர்ஸ் முழுசும் அதுல தான் ஓடுது, 2008ல ஆண்ட்ராய்டு சோர்ஸ் வெளிய வந்தப்பலேர்ந்து. நூத்துக்கணக்குல கிட் ரெப்போ, எல்லாத்தையும் ஒரு எக்ஸ்எம்எல் மேனிஃபெஸ்ட் கட்டி வெச்சிருக்கும், ரெப்போ இனிட் போட்டு ரெப்போ சிங்க் அடிச்சா மொத்தமும் இறங்கிரும் (டிஸ்க்ல இடம் இருந்தா. இறக்கி பில்ட் பண்ண 400 ஜிபி காலி வெச்சுக்கச் சொல்லி அவங்க டாக்குமென்ட்லயே போட்ருக்கு, என் லேப்டாப் அழுதுரும்).

நான் இதுலயே தான் குடித்தனம் நடத்துறேன், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன். நல்லது என்னன்னா மேனிஃபெஸ்ட். எந்த ரெப்போ, எந்த ஃபோல்டர், எந்த பிராஞ்ச், எல்லாம் ஒரே ஃபைல்ல எழுதி அந்த ஃபைலும் ஒரு கிட் ரெப்போலயே இருக்கும். ரிலீஸ் போறப்ப ரெப்போ மேனிஃபெஸ்ட் மைனஸ் ஆர்னு அடிச்சா பிராஞ்ச் பேருக்குப் பதிலா ஒவ்வொரு ரெப்போவும் அந்த நிமிஷம் நின்ன கமிட் (பதிஞ்சு வெச்ச ஒரு மாத்தம்) நம்பர் அப்படியே பதிஞ்ச ஒரு எக்ஸ்எம்எல் வரும். ரெண்டு வருஷம் கழிச்சு கஸ்டமர் வந்து பழைய வெர்ஷன்ல பக்னு நின்னா அந்த ஃபைலக் குடுத்து சிங்க் அடிச்சா போதும், அன்னிக்கு இருந்த மொத்த வீடும் திரும்ப எழுந்து நிக்கும். லூப்ப வெச்சு இதப் பண்ண முடியாது @மச்சான்_ஷெல். ஃபோல்டர் லிஸ்ட் எடுக்கும் உன் ஸ்கிரிப்ட், ஆனா உன் மெஷின்ல க்ளோனே ஆகாத ரெப்போ ஒண்ணு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

கெட்டது, புதுசா வர்ற அத்தன பேரும் முட்டிக்கிற இடம் இது தான், சிங்க் முடிஞ்சதும் எந்த ரெப்போவும் பிராஞ்ச்ல நிக்காது, தலை தனியா தொங்கும், டிடாச்ட் ஹெட். அப்படியே கமிட் போட்டு அடுத்த சிங்க் அடிச்சா "என் கமிட் எங்க"ன்னு தேடிட்டு நிக்க வேண்டியது தான், ரெஃப்லாக்ல (கிட் வெச்சிருக்குற நடமாட்டக் குறிப்பு) இருக்கும், ஆனா அது தெரியாத பையன் வேர்த்துருவான். வேலை ஆரம்பிக்க முன்னாடி ரெப்போ ஸ்டார்ட் போட்டு பிராஞ்ச் எடுக்கணும். அப்புறம் ரெப்போ அப்லோட்ங்கிறது கெரிட்டுக்கு (கோட் ரிவ்யூ பண்ற சர்வர்) மட்டும் தான் அனுப்பும், நீங்க கிட்லேபோ கிட்ஹப்போன்னா அந்தப் பாதி வசதி உங்களுக்கு இல்ல. உங்க டீமுக்கு இத முழுசா இறக்க வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், மேனிஃபெஸ்ட்ங்கிற ஐடியாவ மட்டும் எடுத்துக்கங்க.

#9 மச்சான்_ஷெல்

சரி சரி, அந்த க்ளோன் ஆகாத ரெப்போ மேட்டர்ல மாட்டுனேன். ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல லிஸ்ட் போட்டு லூப் அத படிச்சா போச்சு. இன்னும் டூல் வேணாம்னு தான் சொல்றேன்.

#10 மாலைநேர_கம்பைலர்

அந்த டெக்ஸ்ட் ஃபைலும் லூப்பும் சேந்தது தான்யா மைரெப்போஸ், எம்ஆர்னு கூப்டுவாங்க. கிட்-அனெக்ஸ் எழுதுன ஜோயி ஹெஸ் எழுதுனது, பெர்ல் ஸ்கிரிப்ட் ஒண்ணே ஒண்ணு, டெபியன் உபுண்டுல மைரெப்போஸ்னு தேடுனா பேக்கேஜா கிடைக்கும். ரெப்போக்குள்ள நின்னு எம்ஆர் ரெஜிஸ்டர் அடிச்சா டாட்எம்ஆர்கொன்ஃபிக் ஃபைல்ல அது பாத்தும், எங்கேருந்து க்ளோன் பண்றதுங்கிற கமாண்டும் சேந்துரும். புது லேப்டாப் குடுத்தாங்கன்னா அந்த ஒரு ஃபைலக் கொண்டு போயி எம்ஆர் மைனஸ் ஜே 5 செக்அவுட். கிட் மட்டும் இல்லாம எஸ்விஎன், மெர்க்யூரியல்னு எது கலந்து இருந்தாலும் ஒரே எம்ஆர் அப்டேட் தான், பழைய எஸ்விஎன் சாமான் இன்னும் ஓடுற ஆஃபீஸ்ல இது பெரிய நிம்மதி.

அந்த கொன்ஃபிக்ல இருக்குறது எல்லாமே ஷெல் கமாண்ட், அப்படியே ஓட்டும். அதனால யாரோ குடுத்த ஃபைல கண்ண மூடிட்டு ஓட்டாதீங்க, எம்ஆரே ஹோம்ல இருக்குற ஃபைலத் தவிர மத்தத தானா நம்பாது, டாட்எம்ஆர்ட்ரஸ்ட்ல எழுதி வெச்சா தான் ஒத்துக்கும்.

ரோபோ ஆளுங்க விசிஎஸ்டூல் யூஸ் பண்ணுவாங்க, ஆர்ஓஎஸ்ங்கிற ரோபோ சாஃப்ட்வேர் உலகத்துல அது தான். செஃபிர்ங்கிற சின்ன சாதனத்துக்கான ஓஎஸ்னா வெஸ்ட். எல்லாத்துக்கும் அடில ஒரே சங்கதி தான், லிஸ்ட் ஒரு ஃபைல்ல இருக்கும், அத எல்லாத்துலயும் ஓட்டும்.

#11 நீலவானம்

எல்லாத்தையும் ஒரே பெரிய ரெப்போல, அதாவது மோனோரெப்போல, போட்டா இந்த இழையே வேண்டியதில்ல. கூகுள் என்ன முட்டாளா? 2016ல ஏசிஎம் பத்திரிகைல அவங்க ஆளுங்களே எழுதுனாங்க, 200 கோடி லைன் கோட், 86 டெராபைட், எல்லாம் ஒரே ரெப்போ. ஒரு கமிட்ல எல்லா சர்வீஸையும் மாத்தலாம், வெர்ஷன் சண்டை கிடையாது. ஒடச்சு எழுபது துண்டாக்கிட்டு அப்புறம் ஒட்ட வைக்க டூல் தேடுறீங்க.

#12 ஏஓஎஸ்பி_அடிமை

அதே கூகுள் தான் ஆண்ட்ராய்ட நூத்துக்கணக்கான ரெப்போவா வெச்சு அதுக்கு ரெப்போ டூல் எழுதுச்சு, மறந்துட்டீங்களா. வெளிய நாலு கம்பெனி வந்து எடுத்துட்டுப் போற கோட் அது, ஒரே ரெப்போன்னா சரிப்பட்டு வராது. அப்புறம் அந்த 86 டெராபைட் கிட்ல இல்ல, பைப்பர்னு அவங்களே கட்டுன சிஸ்டம். கிட்லயே பெரிய மோனோரெப்போ ஓட்டணும்னு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சோர்ஸ 300 ஜிபி ரெப்போவா போட்டப்ப க்ளோன் மட்டும் 12 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதுக்குன்னே 2017ல ஜிவிஎஃப்எஸ்னு ஒரு ஃபைல் சிஸ்டம் எழுத வேண்டி வந்துச்சு. நம்ம ஊர்ல எழுபது சர்வீஸ ஒண்ணா சேக்கிறதுக்கு எந்த மேனேஜர் ஆறு மாசம் குடுப்பாரு?

#13 கோவைக்காரன்

தம்பி கேட்டது அந்த டீம்ல அவரு ஒருத்தரா உக்காந்து என்ன பண்றதுன்னுங்க. ரெப்போவ சேக்கிறதா பிரிக்கிறதான்னு முடிவெடுக்கிற இடத்துல அவரு இல்லீங்களே.

#14 பனங்காட்டான்

ஆமாண்ணே, நான் போயி மோனோரெப்போன்னு வாயத் திறந்தா வேற டீமுக்கு அனுப்பிருவாங்க. சப்மாட்யூல் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலயே? அப்புறம் புஷ் பண்ணாம விட்டது எது எதுன்னு பாக்குறது எப்படி?

#15 மாலைநேர_கம்பைலர்

சப்மாட்யூல் தப்பான சாமான் இல்ல, வேற வேலைக்கானது. மேல் ரெப்போ ஒவ்வொரு சப்மாட்யூலுக்கும் ஒரு குறிப்பிட்ட கமிட்ட தான் பதிஞ்சு வைக்கும், பிராஞ்ச் இல்ல. வெளி லைப்ரரி ஒண்ண இந்த வெர்ஷன்ல தான் வேணும்னு கட்டி வைக்கிறதுக்கு அருமையா இருக்கும். உங்க எழுபது சர்வீஸும் ஆளுக்கொரு பக்கம் தினமும் நகருது, ஒவ்வொரு நகர்வுக்கும் மேல ஒரு கமிட் போட்டு சுட்டிக்காட்டிட்டே இருக்கணும், அதுல ரெண்டு பேர் ஒரே நாள்ல மாத்துனா கான்ஃப்ளிக்ட் வேற. அந்த ரெண்டாவது சீனியர் பேச்சக் கேளுங்க.

புஷ் ஆகாததுக்கு கிட் ஸ்டேட்டஸ மட்டும் நம்பாதீங்க, அது நீங்க இப்ப நிக்கிற பிராஞ்ச மட்டும் தான் சொல்லும். கிட் லாக், மைனஸ் மைனஸ் பிராஞ்சஸ், மைனஸ் மைனஸ் நாட், மைனஸ் மைனஸ் ரிமோட்ஸ், இந்த வரிசைல அடிங்க. உங்க லோக்கல் பிராஞ்ச் எல்லாத்துலயும் இருக்குற, எந்த ரிமோட்லயும் இல்லாத கமிட் மட்டும் வரும். கூட ஒன்லைன் சேத்து எழுபதுலயும் ஓட்டுங்க, சுத்தமா இருக்குற ரெப்போ ஒண்ணுமே பேசாது, விட்டுப்போனது மட்டும் லைன் லைனா வரும். ஸ்க்வாஷ் மெர்ஜ் (பல கமிட்ட ஒண்ணா சுருக்கி சேக்குறது) ஆகி ரிமோட் பிராஞ்ச் அழிஞ்சு போனதெல்லாம் கூட இதுல தலை காட்டும், அத பாத்து லோக்கல்லயும் அழிச்சிருங்க. ஸ்டாஷ் (கமிட் போடாம ஒதுக்கி வெச்ச மாத்தம்) இதுல வராது, கிட் ஸ்டாஷ் லிஸ்ட் தனியா ஓட்டணும். முதல் தடவை ஓட்டுறப்ப மனச தேத்திக்கிட்டு ஓட்டுங்க.

#16 பனங்காட்டான்

ஓட்டுனேன். ஏம்ல ஓட்டுனேன்னு இருக்கு. மூணு ரெப்போல "டெம்ப்", "டெம்ப் 2"ன்னு கமிட், ஒண்ணுல ஸ்டாஷ் ஒம்பது. அந்த ஒம்பதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல.

#17 நீலவானம்

ஒம்பது தானா 😂

#18 கஜா_ஜாவா

ஜாவா வெர்ஷன் ஏத்துறத பத்தி யாரும் பேசலயே, நான் வர்றேன். 2021 டிசம்பர்ல லாக்4ஜேங்கிற ஜாவா லைப்ரரில பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப நாங்க பட்ட பாடு இருக்கே. முதல்ல 2.15ன்னாங்க, எல்லாத்துலயும் ஏத்துனோம், அது பத்தாது 2.16ன்னாங்க, அப்புறம் 2.17.0, அதுவும் போயி 2.17.1, டிசம்பர் முடியறதுக்குள்ள நாலு ரவுண்டு. அத்தன ரெப்போலயும் ஒரே லைன் மாத்தம், ஒவ்வொண்ணுக்கும் பிராஞ்ச், கமிட், பிஆர் (என் மாத்தத்த சேத்துக்கங்கன்னு கேக்குற புல் ரிக்வெஸ்ட்), ரிவ்யூ. முதல் ரவுண்டு கையாலயே பண்ணாங்க. ரெண்டாவது ரவுண்டுல ஒருத்தர் மல்டி-கிட்டர்னு ஒரு டூல எடுத்துட்டு வந்தாரு.

அதுக்கு நீங்க ஒரு ஸ்கிரிப்ட் குடுக்கணும், அது ஒவ்வொரு ரெப்போவையும் ஒரு டெம்ப் இடத்துல புதுசா க்ளோன் பண்ணி, உள்ள நின்னு உங்க ஸ்கிரிப்ட ஓட்டி, ஏதாச்சும் மாறியிருந்தா மட்டும் கமிட் போட்டு பிராஞ்ச் புஷ் பண்ணி பிஆர் திறந்துரும். மாறலன்னா தொடாது. கிட்ஹப், கிட்லேப், கிட்டீ எல்லாத்துக்கும் ஆகும். உங்க லேப்டாப்ல இருக்குற ஃபோல்டர் பக்கமே வராதுங்கிறது தான் இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, நீங்க பாதில விட்ட அந்த "டெம்ப் 2" கமிட் எதுவும் கூட சேந்து போயிடாது. ட்ரை ரன் (நெசமா எதையும் அனுப்பாம ஒத்திகை பாக்குறது) ஆப்ஷன் இருக்கு, அத ஓட்டாம நேரா ஓட்டுறவன் கைய கட்டிப் போடணும். அப்புறம் மல்டி-கிட்டர் ஸ்டேட்டஸ்னு அடிச்சா எந்த பிஆர் பில்ட் பாஸ், எது ஃபெயில்னு வரும், பாஸ் ஆனத மெர்ஜ் கமாண்ட்ல ஒரேயடியா மெர்ஜும் பண்ணலாம்.

ரெப்போக்கெல்லாம் ஒரே நேரத்துல பிஆர் விட்டீங்கன்னா பில்ட் சர்வர் திணறும், ரிவ்யூ பண்றவங்க மெயில் பாக்ஸ் நாறிரும். முதல்ல ரெண்டு மூணு ரெப்போக்கு மட்டும் விடுங்க, அது மெர்ஜ் ஆகி ப்ரொடக்‌ஷன் போனப்புறம் பத்து பத்தா விடுங்க. கிட்ஹப்ல இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு, பிஆர் திறக்குறது மாதிரி வேலைக்கு நிமிஷத்துக்கு 80, மணிக்கு 500னு ஒரு உச்சவரம்பு அவங்களே சொல்லியிருக்காங்க, பெரிய ஆர்கனைசேஷன்னா முட்டும்.

#19 மச்சான்_ஷெல்

லூப்ல செட் மைனஸ் ஐ (ஃபைலுக்குள்ளயே எழுத்த மாத்துற கமாண்ட்) போட்டா ஒரு லைன் மாத்துறது அஞ்சு நிமிஷம். பிஆர் திறக்க மட்டும் ஒரு கமாண்ட்.

#20 கஜா_ஜாவா

அந்த செட் மைனஸ் ஐ பாத்து ஓட்டுங்க ராசா. எங்க டீம்ல ஒருத்தர் ஃபைண்ட் டைப் எஃப்னு எல்லா ஃபைலையும் எடுத்து அதுல செட் ஓட்டுனாரு, ஃபைண்டுக்கு டாட்கிட் ஃபோல்டரும் ஃபோல்டர் தான, உள்ள இருக்குற இன்டெக்ஸ், பேக் ஃபைல் எல்லாத்தையும் போயி தொட்டுருச்சு, அப்புறம் ரெப்போ கரப்ட்னு கிட் கத்துச்சு. மொத்தமா அழிச்சிட்டு திரும்ப க்ளோன் பண்ணாரு, புஷ் ஆகாதது போனது போனது தான். கிட் கிரெப் மைனஸ் எல் வெச்சு ஃபைல் லிஸ்ட் எடுங்க, அது ட்ராக் ஆகுற ஃபைல மட்டும் தான் குடுக்கும், டாட்கிட் உள்ள எட்டியே பாக்காது. மைனஸ் இசட் சேத்து, எக்ஸ்ஆர்க்ஸுக்கு மைனஸ் 0 குடுத்தா பேர்ல ஸ்பேஸ் இருக்குற ஃபைலும் தப்பிக்கும்.

#21 கோவைக்காரன்

கஜா சொன்னதுல ஒரு நியாயம் இருக்குங்க. படிக்கிற வேலை, அதாவது ஃபெட்ச், ஸ்டேட்டஸ், லாக், கிரெப், இதெல்லாம் எழுபதுலயும் கண்ண மூடிட்டு ஓட்டலாம், என்ன ஆனாலும் ஒண்ணும் கெடாது. எழுதுற வேலைய, கமிட் புஷ் ரீபேஸ் இதையெல்லாம், உங்க சொந்த ஃபோல்டர்ல மொத்தமா ஓட்டாதீங்க, தனி க்ளோன்ல ஓட்டுங்க. நடுவுல நிக்கிறது புல் ஒண்ணு தானுங்க. அதுக்கு எஃப்எஃப்-ஒன்லி போட்டுக்கங்க, நேரா முன்னால போக வழி இருந்தா போகும், உங்க கமிட்டும் அவங்க கமிட்டும் பிரிஞ்சு நின்னா தொடாம ஒதுங்கிரும். 2.33ல இருந்து, மெர்ஜா ரீபேஸான்னு நீங்க சொல்லி வெக்கலைன்னா கிட்டே அந்த இடத்துல நின்னுடுது, பழைய வெர்ஷன் வெச்சிருக்கறவங்க மட்டும் தானா மெர்ஜ் கமிட் விழுந்து முழிப்பாங்க.

வெறும் ஃபெட்சுக்கு இன்னொரு வழியும் இருக்குங்க. ஒவ்வொரு ரெப்போலயும் கிட் மெயின்டெனன்ஸ் ஸ்டார்ட் ஒரு தடவை அடிச்சு விட்டா மணிக்கொருக்கா பின்னாடி ப்ரீஃபெட்ச் பண்ணி வெச்சுக்கும். ஆரிஜின் பிராஞ்ச நகத்தாது, ஆப்ஜெக்ட மட்டும் இறக்கி வெக்கும், அதனால காலைல நெசமான ஃபெட்ச் போடறப்போ பெருசா இறக்க எதுவும் மிச்சமிருக்காது.

#22 யாழினி_டெவ்

மெயின்டெனன்ஸ் எண்டதும்தான் ஞாபகம் வந்தது, கிட்டுக்குள்ளயே ஃபோர்-ஈச்-ரெப்போ எண்டு ஒரு கமாண்ட் இருக்கு, 2.30ல வந்தது. கொன்பிக்ல ஒரு கீயின்ர கீழ ரெப்போ பாத் எல்லாம் எழுதி வைச்சால் எல்லாத்திலயும் ஓட்டும். இன்னும் எக்ஸ்பெரிமென்டல் எண்டுதான் போட்டிருக்கு, ஒண்டொண்டாத்தான் ஓடும், பழைய வேர்ஷன்ல ஒரு ரெப்போவில பிழைச்சால் அங்கயே நிண்டிடும், கீப்-கோயிங் பிறகுதான் வந்தது. புதுசா ஒண்டும் இன்ஸ்டோல் பண்ண விடாத ஒஃபீஸ் எண்டால் இது காணும்.

பார்க்க வடிவா வேணுமெண்டால் கீட்டா (பைத்தான்) போட்டுப் பாருங்கோ. கீட்டா எல்எல் அடிச்சால் எல்லா ரெப்போவும் வரிசையா, எந்த பிராஞ்ச், அழுக்கா சுத்தமா எண்டது குறியிலயும், ரிமோட்டோட ஒத்து நிக்குதா எண்டது கலரிலயும் வரும். குரூப் பண்ணி தினமும் பாவிக்கிற இருபதையும் தனிய வைக்கலாம்.

#23 பனங்காட்டான்

இப்ப இப்படி வெச்சிருக்கேன், சரியான்னு பாத்து சொல்லுங்க. லிஸ்டுக்கு எம்ஆர்கொன்ஃபிக், அத ஒரு ரெப்போல போட்டு டீம்ல மத்தவங்களுக்கும் குடுத்துட்டேன், புதுசா சேந்த பொண்ணு அத வெச்சே காலைலயே எல்லாத்தையும் இறக்கிட்டா. காலைல ஃபெட்ச் மைனஸ் ஜே 8, அதுக்கப்புறம் அந்த புஷ் ஆகாதத காட்டுற லாக். ஜாவா வேலைக்கு மல்டி-கிட்டர், ட்ரை ரன் ஓடிட்டு இருக்கு. ஸ்டாஷ்ல ஆறு டிலீட் பண்ணிட்டேன், மூணு பாக்கணும்.

ஒரு சந்தேகம் மட்டும், எங்கள்ல ஒரு பகுதி கிட்ஹப்ல இருக்கு, அந்த லிஸ்ட ஜிஎச் (கிட்ஹப்போட கமாண்ட்லைன் டூல்) ரெப்போ லிஸ்ட் வெச்சு எடுத்தேன், 30 தான் வருது, வெப்ல பாத்தா அதுக்கு மேல இருக்கு. பர்மிஷன் பிரச்சனையா?

#24 மாலைநேர_கம்பைலர்

பர்மிஷன் இல்ல, டிஃபால்ட்டே 30 தான். மைனஸ் மைனஸ் லிமிட் 1000 குடு. கூடவே நோ-ஆர்கைவ்டும் போட்டுக்க, இல்லன்னா மூடுன ரெப்போக்கெல்லாம் மல்டி-கிட்டர் போயி புஷ் பண்ணப் பாத்து ரெட்ல கத்திட்டு இருக்கும்.

#25 பனங்காட்டான்

வந்துருச்சு, 44. ஆர்கைவ்ட் கழிச்சா 38.